குழாய்க்குத் தடைக்காலம் கிடையாது

ஏப்ரல் 15 வந்தால் அரசாங்கத்துக்கு மீன்கள் மேல் பாசம் பொங்கிவிடும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு எதுவும் கடலில் இறங்கக் கூடாது. மீன் முட்டையிடும் காலமாம். தமிழ்நாட்டில் 2001-ல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017-ல் 61 நாள் ஆனது. படகைக் கட்டிப் போட்டுவிட்டு, வலையை மடியில் போட்டுக் கிழிசல் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். 61 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய் சொச்சம். எங்கள் புதுவாயல் சர்வீஸ் ரோட்டுக் கடையில் ஒரு ஆள் பரோட்டா தின்றுவிட்டு எழுந்திருக்கலாம். குடும்பம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

தடைக்காலம் தப்பு என்று சொல்ல வரவில்லை. வேண்டவே வேண்டாம் என்று மீனவர்களும் சொல்லவில்லை. நிவாரணத்தைக் கூட்டிக் கொடு, நேரத்துக்குக் கொடு என்றுதான் கேட்கிறார்கள். என்னுடைய சந்தேகம் வேறு. இந்த 61 நாளில் எண்ணூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எந்தக் கழிவுக் குழாயாவது ஒரு நாள் லீவு போட்டிருக்கிறதா? அனல்மின் நிலையத்தின் சுடுநீர் ‘மீன் முட்டை போடுகிறது, நான் கொஞ்சம் ஆறிவிட்டு வருகிறேன்’ என்று நின்றிருக்கிறதா? சினை மீனுக்கு வலை ஆகாது என்று சட்டமே இருக்கிறது. சாம்பல் ஆகுமா, எண்ணெய் ஆகுமா என்று எந்தச் சட்டமும் அதன் வயிற்றைத் தடவிப் பார்க்கவில்லை.

புதுவாயல்காரனுக்கும் கழிமுகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். எங்களுக்கு இங்கே கடல் இல்லை. கொல்கத்தா நெடுஞ்சாலை இருக்கிறது. விடியற்காலையில் ஒப்பந்தத் தொழிலாளர்களை அடைத்துக்கொண்டு வேன்கள் சிப்காட்டுக்கு ஓடும். ஜன்னல் வழியே ஒடியாவும் இந்தியும் கேட்கும். எதிர்ச் சாரியில் இரும்புச் சுருள் ஏற்றிய ட்ரெய்லர்கள். டீக்கடை பெஞ்சைத் துடைத்தால் துணி கறுப்பாகும். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் மறுபடியும் கறுப்பாகும். எங்கள் வட்டாரத்துக்கு வந்த முதலீட்டை நாங்கள் தினமும் இப்படித்தான் துணியில் வழித்தெடுக்கிறோம்.

கடல் இல்லாத எங்களுக்கு ஆறு உண்டு. ஆரணியாறு. ஆந்திரத்தில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தங்கி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி என்று எங்கள் பக்கம் வந்து, பொன்னேரியைத் தாண்டி, பழவேற்காடு ஏரியில் இறங்குகிறது. ‘இறங்குகிறது’ என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில். ஐப்பசி, கார்த்திகையில் பிச்சாட்டூர் நிரம்பி மதகைத் தூக்கினால்தான் எங்களுக்கு ஆறு. ‘கரையோர மக்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை’ என்று ஆட்டோவில் மைக் கட்டி வந்து சொல்வார்கள். மற்ற மாதமெல்லாம் அது மணல். மணலும் போன இடத்தில் சீமைக்கருவேலம். அதுவும் இல்லாத இடத்தில் இரவோடு இரவாக வந்திறங்கிய கோழிக்கழிவு மூட்டைகள்.

தண்ணீர் எங்கே போனது? சென்னைக்குத் தாகம் எடுத்தபோதெல்லாம் இந்த ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில்தான் குழாயை இறக்கினார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள். 1960-களின் கடைசியிலிருந்து உறிஞ்சல். உறிஞ்சின வேகத்தில் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவிட்டது. முகத்துவாரம் வழியாகப் பழவேற்காடு ஏரிக்கு வர வேண்டிய கடலை அங்கே மணல் மறித்தது. இங்கே வயலுக்கடியில் வா என்று பாதை போட்டுக் கொடுத்திருக்கிறோம். கிணற்றில் உப்பு வந்த விவசாயி நிலத்தை விற்றார். வாங்கியவர் லேஅவுட் போட்டார், ஷெட் போட்டார். நீர்வள மேலாண்மை என்று இதற்கும் ஒரு துறைப் பெயர் உண்டு.

ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் மீனுக்கு என்ன ஆகும் என்பதை அதிகாரிகளுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். கடல் சும்மா இருக்காது. கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். அந்த மணல் ஏரியின் வாயில் வந்து குவியும். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மோதித் தள்ளினால்தான் வாய் திறக்கும். ஏரிக்குள் ஏறி இறங்கும் ஓதம் மிச்ச நாளில் அதைத் திறந்து வைக்கும். வெள்ளை இறால் கடலில்தான் முட்டை போடும். பொரிந்த குஞ்சு, மயிரிழை கனத்தில், ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். உப்பும் நன்னீரும் கலந்த சேற்றில் தின்று வளரும். பெருத்ததும் கடலுக்குத் திரும்பும். மடவையும் கொடுவாவும் இதே வாசலை நம்பித்தான் போய்வருகின்றன. ஆக, கடலில் பிடிக்கிற இறாலுக்கும் வளர்ந்த வீடு ஏரிதான். வாசலை அடைத்தால் வீட்டுக்குள்ளும் ஆள் இல்லை, தெருவிலும் ஆள் இல்லை.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், நமக்குக் கிடைத்தது தெற்கு முனை. முக்கியமான முகத்துவாரமும் இந்தப் பக்கம்தான். 1600-களில் டச்சுக்காரன் வந்து கெல்ட்ரியா கோட்டை கட்டினானே, அவன் இந்த வாயின் அருமை தெரிந்துதான் இறங்கினான். இப்போது அங்கே அவன் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பத்திரமாக இருக்கின்றன. செத்தவனுக்குக் கிடைத்த வேலியும் காவலும் உயிரோடிருக்கும் ஏரிக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கல் சுவர் கட்டிக்கொடு என்று மீனவர்கள் பல ஆண்டு கேட்டார்கள். பணம் ஒதுக்கியாயிற்று என்றார்கள். பிறகு, இது பறவைகள் சரணாலயம், வனத்துறை அனுமதி வேண்டும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று கோப்பு மேசை மேசையாக நடந்தது. நல்ல சட்டம். பறவைக்குத் தொந்தரவு ஆகக் கூடாது. அப்படியே தெற்கே திரும்பிப் பாருங்கள். அதே கடற்கரையில், காட்டுப்பள்ளியில், 330 ஏக்கரில் இருக்கும் அதானியின் துறைமுகத்தை 6,110 ஏக்கராக்க ஒரு திட்டம் வந்தது. மதிப்பீடு 53,000 கோடி. அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கரைக் கடலிலேயே மண் கொட்டித் தூர்த்து எடுத்துக்கொள்வார்களாம். இந்தப் பக்கம் பறக்கிற பறவை அந்தப் பக்கமும் பறக்கும் என்பது கோப்பில் ஏறவில்லை போலும். மீனவன் கேட்டால் கல் சுவர்கூட இயற்கைக்கு ஆபத்து; அதானி கேட்டால் கடலுக்கே பட்டா.

அந்தத் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்று 2021 ஜனவரி 22-ல் தேதி குறித்தார்கள். கொரோனா நேரம், கல்யாணத்துக்கு எண்ணித்தான் ஆள் சேர்க்க வேண்டும், துறைமுகத்துக்கு ஊரே கூடலாம் என்ற ஏற்பாடு. எதிர்ப்பு வந்தது, தள்ளி வைத்தார்கள். அந்த வருஷத் தேர்தலில் ‘விரிவாக்கத்தை விடமாட்டோம்’ என்று அறிக்கையில் அச்சடித்த கட்சி ஆட்சிக்கும் வந்தது. பிறகு? 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி ஒரு கருத்துக்கேட்புத் தேதி. அதுவும் தள்ளி வைப்பு. கருத்துக் கேட்க இவ்வளவு ஆசைப்படுகிறவர்கள், ஏற்கெனவே சொன்ன கருத்தைக் கேட்டிருந்தால் பந்தல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

மீன்வளத்தை நீடித்து நிற்கும்படி நிர்வகிப்பது எப்படி என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஏசி ஹாலில், பளபள பேனருக்குக் கீழே, மதியம் வறுத்த இறாலோடு அடிக்கடி தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். பழவேற்காட்டில் அதைச் செய்து காட்டியவர்கள் அந்த ஹாலின் கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், ‘பயனாளிகள்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இருப்பார்கள்.

பாடு முறை என்று ஒன்று அங்கே உண்டு. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் இன்னது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அந்த இடங்களில் கழி நட்டு வலை கட்ட எல்லோரும் ஒரே நாளில் பாய முடியாது. கிராமத்தில் தலைக்கட்டாகப் பதிந்தவர்களுக்குள் சீட்டுக் குலுக்குவார்கள். இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு அவனுக்கு. நல்ல இடம் ஒருத்தனுக்கே சொந்தமாகாது, மோசமான இடமும் ஒருத்தன் தலையிலேயே விடியாது. மற்ற நாள் வேறு வலை, வேறு வேலை. முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து, அபராதம். வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து இதைப் படித்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நம் துறை அதை அந்தக் கட்டுரைகளில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கக் கூடும்.

இதைச் சொர்க்கமென்று சொன்னால் பொய். பாடு ஒரு சாதிக்குள், சில கிராமங்களுக்குள் பூட்டி வைத்த உரிமை. பட்டினவருக்கு உண்டு, தலித் கிராமத்துக்காரர் வலையோடு வந்தால் சண்டை, இருளருக்கு வலையே கிடையாது. அவர்கள் கைதான் வலை. இடுப்பளவு தண்ணீரில், சில இடத்தில் கழுத்தளவில், முழங்காலை மடித்து உட்கார்ந்தபடியே நகர்வார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டு போகும். இறால் விரலில் இடறினதும் அமுக்கி எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறிக்குள் போடுவார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாது. பேசினால் பறி போய்விடும். எண்ணூரில் இருளர் பெண்கள் சேற்றுக்குப் பதில் சாம்பலைத் தடவுகிறார்கள். அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் உடைந்து உடைந்து கொசஸ்தலையாற்றின் படுகையில் சாம்பல் படிந்திருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிபுணர் குழு போட்டது, 2022-ல் உத்தரவும் போட்டது. அந்த உத்தரவைப் படித்துவிட்டு இறங்கினால் காலில் சாம்பல் ஒட்டாது என்று இருளர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

எண்ணூர்க் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த அத்தியாயம் வரைபடம். 1996-ல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் 6,469 ஏக்கர். கட்டடம் கூடாது, தூர்க்கக் கூடாது. 2017-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் இன்னொரு வரைபடத்தைக் கொடுத்தது. அதில் கழிமுகத்தைக் காணோம். ஆற்றை அடைக்க எத்தனை லாரி மண் வேண்டும், எத்தனை வருஷம் ஆகும். இங்கே ஒரு ரப்பர் போதுமாயிருந்தது. கிணற்றைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கும் சினிமாக் காமெடிக்கு நாம் எல்லோரும் சிரித்தோம். அவன் பாவம், ஒரு கிணற்றோடு நிறுத்திக்கொண்டான்.

காகிதத்தில் இல்லாத ஆற்றில் எண்ணெய் கொட்டினால் அதுவும் இல்லாத எண்ணெய்தானே? 2017 ஜனவரி 28-ல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குச் சேதமில்லை என்று முதலில் அறிக்கை வந்தது. கரையில் கறுப்புக் களி நூறு டன்னுக்கு மேல் ஒதுங்கியது. அள்ளுவதற்கு இறங்கியது என்ன தொழில்நுட்பம்? வாளி. ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில், மாணவர்களும் மீனவர்களும் வாளியில் மொண்டு கை மாற்றினார்கள். ஏறக்குறைய ஏழு வருஷம் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. எங்கள் குழாயில் கசிவில்லை என்று சென்னை பெட்ரோலியம் நிறுவனம் சொன்னது. அங்கிருந்துதான் வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே தீர்ப்பாயத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ஏழு வருஷத்தில் தொழில்நுட்பம் வளராமல் இல்லை. இந்த முறை மீனவர்கள் கையில் இருந்தது குவளை.

குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. படகில் ஒட்டிய தாரைச் சுரண்டக் கூலி கொடுத்தால் படகுப் பணம் காலி. நண்டின் செவுளில் ஒட்டியதைச் சுரண்ட யாரிடம் கேட்பது? அந்த வருஷத்து இறால் குஞ்சுக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் அதன் பங்கு வரவு வைக்கப்படவில்லை.

திட்டங்களுக்குக் குறைவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2020-ல் பிரதமர் பெயரில் மத்ஸ்ய சம்பதா திட்டம், 20,050 கோடி. மீன் வைக்க ஐஸ் பெட்டி, ஐஸ் பெட்டி வைக்க மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளில் போய் எங்கே மீன் வாங்குவது என்பது அடுத்த திட்டத்தில் வரும். கடலுக்கடியில் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை செய்து இறக்குகிறார்கள், மீன்கள் குடியிருக்க. ஏரியிலிருந்து குடியைக் கிளப்பிவிட்டுக் கடலில் தொகுப்பு வீடு. சென்னைக் கரையோரக் குடிசைக்காரர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றி அனுப்பிய அதே மூளை. மீன் என்றதும் கருணை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மீன்வள நிர்வாகத்தில் மீனவன் மட்டும்தான் நிர்வகிக்கப்படுகிறான். அவன் வலைக்கண் அளவை அளக்கிறார்கள், என்ஜின் குதிரைத்திறனைப் பார்க்கிறார்கள், படகுக்கு நிறம் சொல்கிறார்கள், பயோமெட்ரிக் அட்டை கேட்கிறார்கள். மீன் குறைந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டால் ‘அதிகப்படியான பிடிப்பு’ என்று பதில் தயாராக இருக்கிறது. சுருக்குமடிக்காரன் குஞ்சையும் வாரிக்கொண்டு போகிறான், இழுவைமடிக்காரன் அடித்தளத்தையே உழுகிறான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் இடுப்புத் தண்ணீரில் கையால் தடவுகிற பெண்ணா இந்த ஆற்றைக் காலி பண்ணினாள்? அவள் குதிரைத்திறன் எவ்வளவு?

ஆகவே என் பங்குக்கு ஒரு யோசனை. பாடு முறையை ஏரியோடு நிறுத்தாமல் மேலே, எங்கள் பக்கத்துக்கும் கொண்டுவர வேண்டும். புதுவாயல் கூட்டுரோட்டில் பந்தல் போட்டு, மணலி, எண்ணூர், கும்மிடிப்பூண்டி முதலாளிகள் அத்தனை பேரையும் தலைக்கட்டாகப் பதிந்து சீட்டுக் குலுக்கலாம். இன்றைக்கு நீ கழிவு விடு, நாளைக்கு அவன். விடுவதற்கு முன் ஒரு குவளை மொண்டு தானே குடித்துக் காட்ட வேண்டும். பஞ்சாயத்தில் அதற்குச் சாட்சி இருக்கும். முறை தவறினால் அபராதம், இரண்டாம் தடவை பாடு ரத்து. ‘மேல்முறையீட்டில் இருக்கிறது’ என்ற பேச்சு ஊர்க்கூட்டத்தில் செல்லாது.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எல்லாக் குழாய்க்கும் பூட்டு. முதலாளிகள் வயிறும் வயிறுதானே, அவர்களுக்கும் ஆளுக்கு 8,000 ரூபாய் நிவாரணம் கொடுத்துவிடலாம், அரசு கஞ்சத்தனம் பார்க்காது. ஆலை உண்மையிலேயே கரையில்தான் நிற்கிறதா என்று ஆய்வாளர் வந்து பார்ப்பார். ரேஷன் அட்டை நகல், வங்கிப் புத்தக நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. காலை ஒன்பது மணிக்கே பொன்னேரியில் வரிசையில் வந்து நின்றுவிட வேண்டும். ஆதாரில் உள்ள பெயரும் ஆலைப் பலகையில் உள்ள பெயரும் ஒத்துப்போகாதவர்கள் திருத்தம் செய்துகொண்டு அடுத்த வருஷம் வரலாம்.